வீடற்றவர் வேஷத்துக்கு ஆள் தேவை

பிரண்டமலைத் தோட்டத்தில் வீடற்றோர் இருக்கிறார்கள் என்ற செய்தி நிழல்தரு மேம்பாட்டு மையத்துக்கு எட்டியதும், அவர்களுக்கு உடனடியாக என்ன தேவை என்று கொழும்பில் கூட்டம் போட்டு ஆராய்ந்தார்கள். கூரை என்று ஒருவரும் பாய் என்று இன்னொருவரும் சொன்னார்களாம். இருவருமே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வீடற்றோருக்கு மிக அவசரமாகத் தேவைப்படுவது, அவர்களுக்கு உதவி செய்கிறவர்களுக்கான திறன் விருத்திப் பயிற்சி என்று கடைசியில் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் பிரான்டன்மோர். அது வாயில் நுழையாத நம்மவர்கள் பிரண்டமலையாக்கிவிட்டார்கள். டயகமவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி இருக்கிறது. பெருமழை பெய்த வாரத்தில் மண்மேடு சரிந்து, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான கீழ் லயத்தை அப்படியே வாரி ஓடைக்குள் தள்ளியது. எல்லோரும் மலையில் வேலையில் இருந்த பகல் நேரம் என்பதால் உயிர் ஒன்றும் போகவில்லை. குடியிருந்தவர்கள் தோட்டத்துக் கலாசார மண்டபத்துக்குள் சேலைகளைத் திரையாகக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

அவர்களைப் பார்த்துக்கொண்டவள் ஜெனிதா. பிள்ளைக் காம்பராவுக்கு, அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு, அவள்தான் பொறுப்பு. அதற்குப் பின்னால் தோட்டம் கொடுத்த ஒற்றை அறையில் குடியிருந்தாள். மண் சரிந்த அன்று சுடுதண்ணீர் வைக்க அடுப்பு மூட்டியவள் அதன் பிறகு அதை அணைக்கவே இல்லை. மாதா கோயிலில் கம்பளி கேட்டாள். அக்கரபத்தனை ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கூட்டிப் போனாள். கிராம சேவகரிடம் அரைகுறைச் சிங்களத்தில் சண்டை பிடித்து அரிசி வாங்கினாள். எந்தத் திறனும் இல்லாமல்தான் இவ்வளவையும் செய்துகொண்டிருக்கிறோம் என்பது அந்தப் பேதைக்குத் தெரியாது.

அவளுக்குப் பெரிய கவலை அழகனைப் பற்றி. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் லயத்துக் காம்பரா. அழகன் குடியிருந்த காம்பரா அவர் மனைவியின் பேரில் இருந்தது. மனைவி செத்துப்போனாள், காம்பராவும் மண்ணோடு போயிற்று. மற்றவர்களுக்காவது தற்காலிகக் குடில் போட்டுத் தருவதாக இப்போது தோட்டத்தை நடத்துகிற துரை வாயளவில் சொல்லியிருந்தார். பேர் இல்லாத அழகனுக்கு அந்த வாயளவும் இல்லை. நெஞ்சுச் சளி வேறு. இருமத் தொடங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். அடுத்த குளிருக்கு இந்த மனிதன் எங்கே படுப்பான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் தொலைபேசி வந்தது.

“ஜெனிதா அக்காவோ? நான் சிவதர்சினி, நிழல்தரு மையத்தின்ரை திட்ட இணைப்பாளர் கதைக்கிறன். நீங்கள் ஒரு முன்னரங்கப் பணியாளர் எண்டு நாங்கள் அடையாளம் கண்டிருக்கிறம்.”

அடையாளம் கண்டது பொலிஸ் காரியம் என்று ஜெனிதா நினைத்துவிட்டாள். “நான் ஒண்ணும் செய்யலீங்களே மிஸ்!”

“பயப்பிடாதேங்கோ. உங்களுக்கு ஒரு பயிற்சி தரப்போறம். உங்கடை தோட்டத்து மண்டபத்திலைதான். களத்திலை செய்தாத்தான் கொடையாளருக்குத் திருப்தி.”

“மண்டபத்துல ஆளுங்க இருக்காங்களே மிஸ்.”

“ஆர்?”

“வீடு போனவங்க.”

“அக்கா, அவையளை ஒருக்கா வேறை எங்கையும் விடேலாதோ? வீடற்றோர் இருக்கிற இடத்திலை வைச்சு வீடற்றோரைப் பற்றிக் கதைச்சால் அவையின்ரை மனம் புண்படும். அது எங்கடை நெறிமுறைக்கு எதிர்.”

வீடற்றோரின் மனம் புண்படக்கூடாது என்பதில் துரைக்கும் உடனே அக்கறை வந்துவிட்டது. மண்டபத்தை எப்படிக் காலி செய்விப்பது என்று அத்தனை நாளும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர், கேளாமலே லொறி அனுப்பினார். பானையும் பாயும் பிள்ளைகளுமாக எல்லோரையும் கொழுந்து மடுவத்தில் இறக்கினார்கள். கொழுந்து நிறுக்கிற அந்த மடுவத்துக்குத் தூண்கள் உண்டு, மேலே தகரம் உண்டு, சுவர் மட்டும் கிடையாது. ஒரு பக்கத்தால் வருகிற பனிமூட்டம் யாரையும் தொந்தரவு செய்யாமல் மறுபக்கத்தால் போய்விடும்.

“ஒரு நாளைக்குத் தானே டீச்சர்?” என்று கைக்குழந்தையோடு நின்ற அந்தோனியம்மா கேட்டாள்.

“ஒரு நாளைக்குத்தான் அக்கா. பயிற்சி முடிஞ்சதும் திரும்பிறலாம்” என்றாள் ஜெனிதா. அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

பயிற்சி நாளன்று மண்டபம் கல்யாண வீடு போல இருந்தது. வாசலில் தப்பு மேளம் முழங்கியது. தோட்டத் தலைவர் முத்துலிங்கம், தொழிற்சங்கத்தின் தலைவரும் மாசி மாதத்தில் விரதமிருந்து ஆடும் காமன் கூத்துக் கமிட்டியின் தலைவரும் அவர்தான், விருந்தினருக்கு மாலை போட்டார். மாலை போட ஆள் கூடியும் கழுத்துக் குறைந்தும் போனதால் வேன் ஓட்டுநருக்கும் இரண்டு விழுந்தது. மேடையில் சுவரை மறைத்து ஒரு பதாகை: ‘வீடற்றோருக்கும் நலிவுற்றோருக்கும் ஆதரவளிக்கும் முன்னரங்கப் பணியாளர்களின் இயலுமைகளை வலுவூட்டல்’. வந்திருந்த முன்னரங்கப் பணியாளர்கள் பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைக் காம்பராப் பெண்களும் மருத்துவமாதுகளும் தலைவர்மாரும். யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஆனால் கோழிச் சோறு என்று சொல்லியிருந்தார்கள்.

குத்துவிளக்கை யார் முதலில் ஏற்றுவது என்ற பிரச்சினை தீரும்போதே தேநீர் வேளை வந்துவிட்டது. அதன் பிறகு தலைமைப் பயிற்றுநர் கலாநிதி குணரத்தினம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

“அன்பானவர்களே, நான் ஜெனீவாவிலை வீடற்றோரைப் பற்றிக் கதைச்சிருக்கிறன். பாங்கொக்கிலை கதைச்சிருக்கிறன். நைரோபியிலை கதைச்சிருக்கிறன். இதுவரைக்கும் ஒரு வீடற்றவர் கூட எழும்பி நிண்டு நான் சொன்னது பிழை எண்டு சொன்னதில்லை. ஏனெண்டால் அந்த மண்டபங்களுக்குள்ளை அவையள் வாறதில்லை.” இங்கே கைதட்டுவதற்காக நிறுத்தினார். சிவதர்சினி தட்டினாள். “வீடற்ற ஒருவருக்கு வீடு குடுக்கிறது லேசு. கல்லும் சீமெந்தும் இருந்தால் ஆரும் குடுக்கலாம். ஆனால் அவரை விளங்கிக்கொள்ளுறது கஷ்டம். எங்கடை நிறுவனம் துணிஞ்சு அந்தக் கஷ்டமான வேலையைத்தான் எடுத்திருக்கு. லேசான வேலையை மற்றவைக்கு விட்டிருக்கிறம்.”

முத்துலிங்கம் பலமாகத் தலையாட்டினார். மேடையில் யார் என்ன பேசினாலும் தலையாட்டுவது அவருக்கு நெடுநாள் பழக்கம்.

முதற் பாடம் வரைவிலக்கணம். வீடற்றவர் என்றால் யார்? “தனக்கெண்டு சட்டப்படி உரித்தான வதிவிடம் இல்லாத ஆள். எழுதிக்கொள்ளுங்கோ.”

ஜெனிதா எழுதினாள். எழுதியதைத் திரும்ப வாசித்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரிக் கையைத் தூக்கினாள். “சார், லயத்துல ஒருத்தருக்கும் அப்படி உரித்து இல்லீங்களே. எல்லாம் தோட்டத்தோடதுதானே. அப்ப மண்ணு சரியாத லயத்துல இருக்கிறவங்க?”

“அருமையான கேள்வி!” என்றார் குணரத்தினம். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். “தர்சினி, இதைத் தரிப்பிடத்திலை போடும்.”

சுவரில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. ‘கேள்வித் தரிப்பிடம்’ என்று தலைப்பு. அருமையான கேள்விகளையெல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதி அதில் ஒட்டிவிடுவார்கள். நேரம் கிடைக்கும்போது எடுப்பார்களாம். பதில் தெரிந்த கேள்விகள் அங்கே போவதில்லை என்பதால் மாலைவரை அந்தத் தாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்தது செவிமடுக்கும் திறன். எதிரில் இருப்பவர் பேசும்போது உடம்பை எத்தனை பாகை சாய்க்க வேண்டும், எப்போது தலையசைக்க வேண்டும், எப்போது ‘ம்’ கொட்ட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். சாய்ந்து பழகியதில் டயகமவிலிருந்து வந்த மருத்துவமாதுக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. ‘ம்’ கொட்டுவதை மட்டும் எல்லோரும் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் துரைமார் முன்னால் செய்துவருவது அதைத்தானே.

பிற்பகலில் பாத்திரமேற்று நடித்தல். முன்னரங்கப் பணியாளராக நடிப்பவருக்கு மணிக்கட்டில் பச்சைப் பட்டி, அதிகாரிக்கு நீலப் பட்டி, வீடற்றவருக்கு மஞ்சள் பட்டி. பச்சைக்கும் நீலத்துக்கும் அடிபிடி. மஞ்சளுக்கு ஆள் இல்லை.

“தலைவர் ஐயா, நீங்கள் வீடற்றவரா வாங்கோவன்” என்று சிவதர்சினி அழைத்தாள்.

முத்துலிங்கத்துக்கு முகம் சிவந்தது. “என்னாங்க மிஸ், நான் ஒரு சங்கத்துத் தலைவரு. வீடில்லாதவன்னு ஊரு முன்னால நின்னா நாளைக்கு எவன் மதிப்பான்? அசிங்கமுங்க.”

மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். வீடற்றோரை மதிக்க வேண்டும் என்று காலையிலிருந்து கற்றவர்கள் அவர்கள்.

அந்த நேரம் வாசலில் இருமல் கேட்டது. மடுவத்துக் குளிர் தாங்காமல் ஜெனிதாவிடம் இருமல் மருந்து கேட்க வந்த அழகன், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குணரத்தினம் முதலில் எரிச்சலோடும் பிறகு ஆர்வத்தோடும் பார்த்தார்.

“ஐயா, உங்களாலை கொஞ்சம் நடிக்க ஏலுமோ?”

“காமன் கூத்துல மதன் வேஷம் கட்டினவனுங்க நான்” என்றார் அழகன். இருமலுக்கு நடுவிலும் முதுகு நிமிர்ந்தது.

“சேர், இவர் பதிவு செய்யேல்லை” என்று சிவதர்சினி காதோடு சொன்னாள்.

“நடிக்கத்தானே பிள்ளை. சாப்பாட்டுப் பார்சலுக்குக் கணக்கிலை சேர்க்காதேயும்.”

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சபை கூடியிருந்தது. சிவதர்சினி அழகனை மேடைக்குக் கூட்டிப்போய் அவர் வலது மணிக்கட்டில் மஞ்சள் பட்டியை இறுக்கி முடிச்சுப் போட்டாள். “தொடங்குவம்!” என்று குணரத்தினம் உரக்கச் சொன்னதைத் தங்களுக்கான சைகை என்று எடுத்துக்கொண்ட தப்புக்காரர்கள் வெளியே ஒரு போடு போட்டார்கள். பின்வரிசையில் இருந்த பிரண்டமலைப் பெண்கள் சட்டென்று எழுந்து நின்றார்கள். முத்துலிங்கம் செருப்பைக் கழற்றினார். எதற்கு இந்த மரியாதை என்று நிறுவனத்தார் யாருக்கும் விளங்கவில்லை. பயிற்சி ஆழமாக இறங்கிவிட்டது என்று குணரத்தினம் மட்டும் மகிழ்ந்தார்.

அழகன் நான்கு திசையும் கும்பிட்டு, மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, கையை ஓங்கிப் பாடினார். “வந்தேனையா வந்தேன், மண்ணு சரிஞ்ச மலையிருந்து வந்தேன்!”

“நில்லுங்கோ, நில்லுங்கோ. ஐயா, வீடற்றவர் இப்பிடி நிமிர்ந்து வரமாட்டார். தோள் சரியவேணும். கண் நிலத்தைப் பார்க்கவேணும். பாட்டு வேண்டாம். நீங்கள் ஒரு வீடற்றவரை நேரிலை கண்டதில்லையோ?”

அழகன் யோசித்துப் பார்த்தார். “கண்ணாடி பார்த்து நாளாச்சுங்க” என்றார்.

பச்சைப் பட்டியோடு ஜெனிதா எதிரில் உட்கார்ந்தாள். சொன்ன பாகைக்குச் சாய்ந்தாள்.

“வணக்கம் மாமா. உங்களுக்கு எப்படி இருக்கு?”

“குளுருது புள்ள. நெஞ்சு அடைக்குது. இன்னிக்கி எங்க படுக்கன்னு தெரியல.”

“இருங்க மாமா, கம்பளி எடுத்தாறேன்” என்று ஜெனிதா எழுந்துவிட்டாள்.

“பிழை!” குணரத்தினம் கையைத் தட்டினார். “பாத்தியளோ, எல்லாரும் விடுற பிழை இதுதான். அவசரப்பட்டுத் தீர்வு சொல்லக்கூடாது. அவர் சொன்னதை அவருக்கே பிரதிபலிக்கவேணும். இருங்கோ. ‘உங்களுக்குக் குளிருது எண்டு நீங்கள் உணருறியள்’ எண்டு சொல்லுங்கோ.”

ஜெனிதா உட்கார்ந்தாள். “மாமா, உங்களுக்குக் குளுருதுன்னு நீங்க உணர்றீங்க.”

“ஆமா புள்ள. குளுருது.”

“நெஞ்சு அடைக்குதுன்னு உணர்றீங்க.”

“ஆமாம்மா, அதத்தான சொன்னேன்.” அழகன் பரிதாபமாகச் சபையைப் பார்த்தார். “கம்பளி தாறேன்னியே புள்ள, அது என்னாச்சு?”

ஜெனிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குணரத்தினம் அந்தக் கண்ணீரைச் சபைக்குச் சுட்டிக் காட்டினார். “இதுதான் ஒத்துணர்வு. இதுக்குத்தான் நாங்கள் வந்தது.” புகைப்படக்காரர் இரண்டு பக்கமும் போய் எடுத்தார்.

அதன் பிறகு சான்றிதழ், குழுப் படம், நன்றியுரை. மலையில் மூட்டம் இறங்கத் தொடங்கியதும் வேனை நுவரெலியா ஹோட்டலுக்கு விரட்டினார்கள். போகிற அவசரத்தில் மிச்சப் பட்டிகள் கிடந்த பெட்டியை ஜெனிதாவின் கையில் திணித்தாள் சிவதர்சினி. மேடையில் மஞ்சள் பட்டியோடு உட்கார்ந்திருந்த அழகனிடம், நாடகம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

வேன் மறைந்ததுமே துரையின் வாச்சர் பூட்டோடு வந்துவிட்டான். மண்டபம் இனித் திருத்த வேலைக்காக மூடப்படுகிறதாம். லயத்துச் சனம் திரும்ப வரக்கூடாதாம்.

“ஒரு நாளைக்குன்னு தானே சொன்னீங்க?” என்று ஜெனிதா துரை பங்களாவுக்கே ஓடினாள்.

“நான் போகச் சொன்னது இல்லை. உங்க ட்ரெய்னிங்க்குத்தானே காலி பண்ணினது?” என்றார் துரை. “காலி பண்ணின எடத்துக்கு மறுபடி ஆள் ஏத்த எனக்கு அதிகாரம் இல்லை.”

பல வாரமாகத் துரையால் முடியாத காரியத்தைப் பயிற்சி ஒரே பகலில் முடித்துக் கொடுத்திருந்தது. அதற்குத் தானும் கூடமாட நின்றதை நினைக்க ஜெனிதாவுக்கு நெஞ்சு எரிந்தது. மண்டபத்துக்குத் திரும்பியபோது அங்கே வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அழகனை இறங்கச் சொன்ன வாச்சரை முத்துலிங்கம் மறித்துக்கொண்டு நின்றார்.

“தொடாத! காப்புக் கட்டியிருக்கு.”

மாசிக் கூத்தில் வேஷம் கட்டுகிறவருக்கு மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். கட்டிய காப்பை அவிழ்க்கும்வரை அவர் எல்லை தாண்டக்கூடாது. அவரைப் பசியோடு விடக்கூடாது. விட்டால் தோட்டத்துக்கே ஆகாது. விளக்கேற்றி, சபை கூட்டி, தப்படித்து, மஞ்சள் கட்டியதை முத்துலிங்கம் தன் கண்ணால் பார்த்திருந்தார். கூத்துக் கமிட்டித் தலைவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

“அது ரிப்பன் தலைவரே” என்றான் வாச்சர்.

“கட்டுன அம்மா முடிச்சுப் போட்டிச்சா இல்லியா? முடிச்சுப் போட்டா காப்புத்தான். கட்டுனவங்க வந்து அவுக்கட்டும். அதுவரைக்கும் அழகன இந்த எடத்த விட்டு எறக்கப்படாது.”

வாச்சரும் மாசியில் விரதம் இருக்கிறவன்தான். பூட்டை மடியில் செருகிக்கொண்டு, மேடையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனான்.

அழகன் வீடில்லாமல் நின்றபோது திரும்பிப் பார்க்காத சனம், வீடில்லாதவர் வேஷம் கட்டிய அழகனைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு வந்தது. முத்துலிங்கம் சொந்தக் கம்பளியைக் கொடுத்தார். கொத்தமல்லித் தண்ணியும் கற்பூர எண்ணெயும் வந்தன. இருமல் அடங்கத் தொடங்கியது. அதே நாட்களில், துரையின் தடைக்குப் பயந்து கொழுந்து மடுவத்திலேயே இருந்தவர்கள் காற்றை மறிக்க அந்தப் பெரிய பதாகையைத் தூண்களுக்கிடையே இழுத்துக் கட்டியிருந்தார்கள். பயிற்சியால் அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அது. பதாகை மறைக்காத பக்கத்தில் அந்தோனியம்மாவின் குழந்தை கீச்சு கீச்சென்று மூச்சு இழுத்தது. ஜெனிதா போய்ப் பார்ப்பாள், திரும்பி வருவாள், துரை பங்களாவுக்கு ஏறுவாள், இறங்குவாள். எந்தக் கதவும் திறக்கவில்லை.

துரை கத்திரிக்கோலோடு கங்காணியை அனுப்பினார். கங்காணி கத்திரிக்கோலைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். தானே போய் வெட்டப்போவதாகத் துரை சொன்ன மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஒரு குஞ்சும் வரவில்லை. கொழுந்து முற்றுகிற பருவம். துரை கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிறுவனத்தை ஏசினார். ‘உங்க ஆளை நீங்களே வந்து அவிழ்த்துக்கொண்டு போங்க’ என்பது சாரம்.

வேன் திரும்ப வந்தது. இந்தத் தடவை மாலையும் இல்லை, கோழிச் சோறும் இல்லை. மண்டபம் நிறையச் சனம். துரை வாசலில் பூட்டோடு நின்றார். மேடையில் கம்பளியும் தானுமாக அழகன்.

“சின்ன விசயம்தானே” என்று குணரத்தினம் சிரித்தார். “தர்சினி, அவிழ்த்துவிடும்.”

சிவதர்சினி முடிச்சில் கை வைத்தாள். சபையில் ‘ஐயோ’ என்று ஒரு சத்தம்.

“மிஸ், மிஸ், சும்மா அவுக்கப்படாதுங்க” என்று முத்துலிங்கம் பதறினார். “கதை முடியணும்.”

“என்ன கதை?”

“காமன் கூத்துல சிவன் மதனை எரிச்சிருவாருங்க. எரிச்சதோட காப்ப அவுக்கிறதில்ல. ரதி அழுது, மதன் திரும்ப உசுரோட எந்திரிச்ச பின்னாலதான் அவுப்போம். பாதியில அவுத்தா வேஷம் கட்டினவரு அப்படியே நின்னு போவாரு. இவரு வீடில்லாதவரு வேஷம். அப்ப இவருக்கு வீடு கெடைக்கிற கட்டம் வரணும். அது எப்ப வருதுன்னு சொல்லுங்க, நாங்க தப்போட வாறோம்.”

சனம் ஆமாம் ஆமாம் என்றது. குணரத்தினம் சிவதர்சினியைப் பார்த்தார். சிவதர்சினி பாடத்திட்டத்தைப் புரட்டினாள்.

“அப்பிடி ஒரு கட்டம் எங்கடை பாடத்திட்டத்திலை இல்லை” என்றார் குணரத்தினம்.

“இல்லன்னா?”

“எங்கடை பாடம் ஒத்துணர்வோடை முடியுது. வீடு கிடைக்கிறது வேறை ஆக்களின்ரை பாடம்.” அவர் கூட்டத்தை ஆற்றும் குரலில் தொடர்ந்தார். “உங்கடை கவலை எனக்கு நல்லா விளங்குது. இவருக்கு வீடு வேணும் எண்டு நீங்கள் உணருறியள்.”

ஜெனிதா எழுந்தாள். “உணரல சார். கேக்கிறோம். இவரு எங்க படுக்கிறது? மடுவத்துல புள்ள மூச்செடுக்க முடியாமக் கெடக்கு, அது எங்க படுக்கிறது? அதுக்குப் பதில் சொல்லிட்டு அவுங்க.”

“அருமையான கேள்வி” என்று குணரத்தினத்தின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சுவரைப் பார்த்தார். தரிப்பிடத் தாளைப் போன தடவையே கழற்றியிருந்தார்கள்.

அவர் சிவதர்சினியிடம் ஏதோ முணுமுணுத்தார். பட்டியை அவிழ்ப்பதற்குத் தலைமையகத்தின் அனுமதி தேவை, அது வந்ததும் தாங்களும் வருவோம் என்று அறிவித்தாள் சிவதர்சினி. இருவரும் வேனில் ஏறினார்கள்.

துரை பூட்டை ஆட்டினார். “அந்த ஆள் ஒருத்தன் இருக்கட்டும். மத்த ஆள் எல்லாம் வெளிய. காப்பு இல்லாத ஆளுக்கு இங்க எடம் இல்லை.”

யாரும் நகரவில்லை. பின்னாலிருந்து அந்தோனியம்மா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆட்களை விலக்கி வந்தாள். ஜெனிதாவின் முன்னால் நின்று வலது கையை நீட்டினாள்.

“டீச்சர், அந்த மஞ்சப் பட்டி மிச்சம் இருக்குன்னீங்களே. எனக்கும் ஒண்ணு கட்டுங்க.”

ஜெனிதா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினாள். பெட்டியோடு வந்தபோது மடுவத்துச் சனம் முழுக்க வரிசையில் நின்றது. அந்தோனியம்மாவுக்குக் கட்டினாள். குழந்தையின் மெலிந்த கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். யாரோ தப்பை எடுத்துவந்து அடித்தார்கள். விளக்குக்கு எண்ணெய் வந்தது. கட்டக் கட்ட ஒவ்வொருவராக மண்டபத்துக்குள் போய்ப் பாயை விரித்தார்கள். துரை ஒரு தடவை வாயைத் திறந்தார். நாளைக் காலைப் பெரட்டை நினைத்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

கீழ் லயத்துக்காரர் எல்லோரும் உள்ளே போன பிறகும் ஒரு கை நீண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முத்துலிங்கம்.

“தலைவரே, உங்களுக்கு எதுக்கு? உங்களுக்கு வீடு இருக்கே.”

“இருக்கு” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. “என் தாத்தா பொறந்த காம்பரா. நான் வெள்ளையடிச்சேன், டைல் போட்டேன். நாளைக்கே பேரை வெட்டிட்டு எறங்குன்னு தொரை சொன்னா எறங்கணும் புள்ள. நீ அன்னிக்கி லயத்து உரித்தப் பத்தி அந்தக் கேள்விய கேட்டப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. கட்டு.”

அவள் கட்டினாள். அவருக்குப் பின்னால் மேல் லயத்துக்காரர்கள் நின்றார்கள். கங்காணி நின்றார். வாச்சர் பூட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றான். வரிசை மண்டபத்துப் படியிறங்கி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, தேயிலைக்குள் வளைந்து போயிருந்தது. பெட்டியில் ஒரே ஒரு மஞ்சள் பட்டி மிஞ்சியது.

ஜெனிதா அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தாள். பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னாலிருக்கும் தன் ஒற்றை அறையை நினைத்தாள். மேடைக்குப் போய் அழகனின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

“மாமா, இந்த முடிச்சக் கொஞ்சம் போட்டு விடுங்க.”